நகரி மூக்கின் முன்பக்கம்

ராயபுரத்தில் கலீலுல்லாவைத் தெரியாதவர்கள் குறைவு. துறைமுகத்தில் அவனுக்குக் கலாசி வேலை. கிரேன் உச்சியில் கப்பி மாட்டுவது, கப்பலின் கொடிமரத்தில் ஏறிக் கயிறு கோப்பது எல்லாம் அவன் பொறுப்பு. மற்ற கலாசிகள் கூலிக்காக ஏறினார்கள். இவன் ஏறுவதற்காகவே ஏறினான். வேலை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகும் கிரேன் கையின் நுனியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவான். கீழேயிருந்து மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துவார்.

நான் அங்கே மூட்டை எண்ணும் குமாஸ்தா. ராமதாஸ் என்று பெயர். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது முப்பது வயது இருக்கும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் எவரெஸ்ட்டின் உச்சியைத் தொட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. டீ நேரத்தில் கிடங்கு வாசலில் நான்தான் அதை உரக்கப் படித்தேன். கேட்டவர்கள் உயரத்தைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். கலீலுல்லா மட்டும், "கயித்த இடுப்புல கட்டிக்கினாங்களா, தோள்லயா?" என்றான்.

"அது போடலியே, பாய்."

"அத்தப் போடாம இன்னா பேப்பரு?" என்று எழுந்து போய்விட்டான்.

அந்த வருஷம் கார்த்திகை மழை விட்ட மறுநாள், வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கிரேன் மேடைக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டான். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வடமேற்கே கையை நீட்டினான். நீலமாக ஒரு மலைத்தொடர். அதன் ஒரு முனை மூக்குபோல் துருத்திக்கொண்டு நின்றது.

"நகரி மூக்கு," என்றேன். "கட்டுமரக்காரங்க அத்தப் பாத்துதான் கரை திரும்புவாங்க."

"அதும் மேல போவணும். நீயும் வா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

"நான் எதுக்கு வரணும்னு கேக்கறேன். இத்தினி கலாசி கீறாங்களே."

"அவுங்களுக்கு பலம் கீது. உனுக்கு கவனம் கீது. நாள் பூரா மூட்டை எண்ணிகினு கீற, ஒண்ணு தப்பறதில்ல. கயிறு புடிக்கிறவனுக்கு அதான் வேணும்."

அவன் மனைவி சபீஹாவுக்கு இது துளிக்கூடப் பிடிக்கவில்லை. "கிரேன்லருந்து வுழுந்தா ஆபீஸ்காரன் பதில் சொல்லுவான். மலைலருந்து வுழுந்தா எவன் சொல்லுவான்?" என்று கேட்டாள். ஆனாலும் போனோம்.

பொங்கல் லீவில் அரக்கோணம் போய், வண்டி மாறி நகரியில் இறங்கினோம். விடிந்தும் விடியாமலும் நடக்கத் தொடங்கினோம். மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தெலுங்கு அம்மாள், பின்பக்கமாக நல்ல தடம் இருக்கிறது, ஆடுகள் அதில்தான் ஏறும் என்று கையைக் காட்டினாள். நான் அவனைப் பார்த்தேன்.

"அது நடக்கறது," என்றான் கலீலுல்லா. "நாம ஏற வந்துகீறோம்."

முன்பக்கம் செங்குத்தான பாறை. கொண்டுவந்த கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பிலும் மறு முனையைத் தன் இடுப்பிலும் கட்டினான். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினான். அவன் ஏறுவதை அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவசரமே இல்லை. கை வைக்கும் இடத்தை முதலில் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பான். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொள்ளல் சத்தம் வந்தால் விட்டுவிடுவான். பிறகு விரல், பிறகு கால் பெருவிரல். உடம்பின் பாரம் கடைசியாகத்தான் நகரும். பாறையோடு மல்லுக்கட்டவே இல்லை. அதனிடம் ஏதோ கேட்டுக் கேட்டுப் போவதுபோல் இருந்தது. ஓர் இடத்தில் நின்றுகொண்டு கயிற்றைப் பிடிப்பான். நான் ஏறிப் போவேன். மறுபடி அவன் முன்னே போவான், நான் கீழே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பேன்.

மூன்றாவது திட்டுவரை சரியாகத்தான் இருந்தேன். அங்கே நின்று கீழே பார்த்துவிட்டேன். கழுகு ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது, எனக்குக் கீழே. பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டேன். மேலே அவனுக்கும் உச்சிக்கும் நடுவே இரண்டு ஆள் உயரம்தான் பாக்கி.

"கயித்த வுடு, ராம்தாஸு!"

விரல்கள் விரியவில்லை. "முடியல, பாய்," என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

அவன் ஒரு தடவை உச்சியை அண்ணாந்து பார்த்தான். பிறகு இறங்கத் தொடங்கினான். திட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தான். எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது, எந்த மேஸ்திரி யாரோடு சண்டை போட்டான் என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தான். என் கை தானாக இளகிய பிறகு, படிப்படியாக என்னைக் கீழே இறக்கினான்.

துறைமுகத்தில் எல்லாரும் வந்து கேட்டார்கள். "கயிறு பத்தல," என்றான்.

நானும் சும்மா இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "கயிறு பத்திச்சி. நான்தான் பயந்துட்டேன். எனுக்காகத்தான் எறங்கி வந்தாரு," என்றேன். சில பேர் சிரித்தார்கள். கலீலுல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைக் கிடங்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"அத்த ஏன் சொன்ன? மலைல நடந்தது நம்ம ரெண்டு பேருக்குள்ள கீற சமாச்சாரம்."

"மறுபடியும் போலாம், பாய்," என்றேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பல்லாவரத்துக்கு மின்சார ரயில் ஏறினோம். அங்கே திரிசூலம் மலையில் கல் உடைத்துக் கைவிட்ட பாறைகள் இருந்தன. நான் ஏறப் பழகியதைவிடக் கயிறு பிடிக்கப் பழகியதுதான் அதிகம். சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆள் உயரத்திலிருந்து குதிப்பான். நான் கயிற்றால் தாங்க வேண்டும். முதல் தடவை இரண்டு பேரும் உருண்டோம். பத்தாம் தடவை காலை ஊன்றி நின்றேன். மழைக்காலத்துக்குள் கீழே பார்த்தால் பாறையோடு ஒட்டிக்கொள்வதும் நின்றுபோயிற்று. புதிதாக வாங்கிய மணிலாக் கயிற்றை உத்திரத்தில் கட்டி, மூன்று கலாசிகளைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் சரி என்றான்.

மார்கழியில் மறுபடி போனோம். மூன்றாவது திட்டில் ஒரு பாறைக் கூம்போடு என்னைக் கட்டிவிட்டு அவன் மேலே போனான். பாதி வழியில், பாறை இடுக்கில் முரடான ஓர் அத்தி வேர் இருந்தது. கயிற்றை அதன் பின்னால் நுழைத்து இழுத்துக்கொண்டு போனான். தான் விழுந்தாலும் வேர் தடுக்கட்டும் என்றுதான். உச்சிக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது அவன் பிடித்திருந்த கல் பெயர்ந்தது.

சத்தம்கூடப் போடாமல் விழுந்தான். கயிறு என் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு ஓடியது. எரிந்தது. நான் விடவில்லை. காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். வேர் முனகியது, கயிறு நின்றது. என் தலைக்குச் சற்று மேலே அவன் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அடி பட்டுச்சா?" என்று கத்தினேன்.

"முட்டில சிராய்ப்பு. மெல்ல எறக்கு."

திட்டில் கால் வைத்ததும் என் கையைத்தான் பார்த்தான். தோல் கிழிந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. தலைத்துண்டை இரண்டாகக் கிழித்துக் கட்டினான். "போதும். எறங்கிடலாம்," என்றான்.

"இன்னிக்கி எறங்கினா, நான் உன்னோட பேசவே மாட்டேன்."

கயிற்றை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, பாரம் கையில் விழாமல் இடுப்பிலும் பாறையிலும் விழும்படி அமைத்தான். தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தான். நான் அசையவில்லை. பிறகுதான் திரும்பினான்.

விழுந்த இடத்துக்கே போனான். அங்கே நின்று வெகுநேரம் பாறையைத் தடவிக்கொண்டிருந்தான். கல் பெயர்ந்த குழியை அவன் தொடவில்லை. இடது பக்கம், கண்ணுக்கே தெரியாத ஒரு விளிம்பில் பெருவிரலை ஊன்றினான். உடம்பு முழுக்கப் பாறையோடு ஒட்டி, அங்குலம் அங்குலமாக உயர்ந்தது. ஒரு கை மேலே போய்ப் புல்லைத் தொட்டது. அப்போதும் அவசரப்படவில்லை, புல்லை விட்டுவிட்டு, அதன் அடியில் இருந்த கல்லைத் தேடிப் பிடித்தான். அடுத்த நிமிஷம் ஆள் மறைந்தான். மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

பாதி நான் ஏறி, பாதி அவன் இழுத்து, நானும் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் உயரப் புல், காதை அறையும் காற்று, காலடியில் ஆட்டுப் புழுக்கை. அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறான். "நமக்கு முன்னாடி ஆடு வந்துக்கீது, தோஸ்த்து!" என்று மறுபடி சிரித்தான். பிறகு தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கைகால் முகம் கழுவிக்கொண்டு மேற்கே பார்த்துத் தொழுதான். அவன் சட்டை காற்றில் படபடத்தது. நான் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒருவனோடு கயிறு கட்டிக்கொண்டோமே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

இறங்கும்போது ஆட்டுத் தடத்திலேயே இறங்கினோம்.

மறுநாள் அவன் வீட்டில் சபீஹா என் கைக்கட்டை அவிழ்த்துக் கழுவி, மருந்து போட்டாள். "உனுக்குமா பைத்தியம் புட்ச்சிக்கிச்சி, அண்ணே?" என்று திட்டினாள். திட்டி முடித்து, குரலைத் தாழ்த்தி, "எப்டி ஏறினாரு? சொல்லு," என்றாள்.

சொன்னேன். எந்த இடத்தில் எந்தக் கை, எந்த விளிம்பில் எந்த விரல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருந்துக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கலீலுல்லா வெட்கப்பட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

"கண்ணாலம் ஆயி ஒம்பது வருசம்," என்றாள். "ஒரு தபா கூட அவரு ஏறி நான் பாத்ததில்ல. துறைமுகத்துக்குள்ள நம்பள எங்க வுடுவாங்க?"

அடுத்த ஞாயிறு பல்லாவரத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்தோம். எதிர்ப்பாறை ஒன்றில் சபீஹா குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் முதல் பிடியைத் தட்டிப் பார்த்தபோது குடை சாய்ந்து கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வெயில் முகத்தில் அடிக்க, அவன் மேலே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.