சாத்தாத கதவு

"என்னத்தடி சொன்ன அந்த மிஸ்ஸிக்கிட்ட?"

முத்துவீரன் கையில் அடுப்பெரிக்க வைத்திருந்த தேயிலை மிலாறுக் கம்பு. முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது முழங்கையில். சுந்தரம்மா சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"சத்தியமா ஒண்ணும் சொல்லலைங்க! வாயே தொறக்கலைங்க!"

உண்மையைத்தான் சொன்னாள். பாவி, நம்பினால்தானே! அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பொம்பளைகள் சும்மாவா இருந்திருப்பார்கள்? மூன்றாவது அடியில் அவள் உதடு கிழிந்தது.

ஆவணியில் இவன் உதைத்த உதையில் ஏழு மாதத்துப் பிள்ளை செத்துப் பிறந்தது. "கால் வழுக்கி விழுந்துட்டா" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டான். அன்று பிடித்தது அவளுக்கு ஒரு சீக்கு. ரிவர்ஸ்டன் மலைச்சரிவில் மற்றப் பெண்கள் மளமளவென்று கொழுந்து கிள்ளுவார்கள். இவள் விரல்கள் மட்டும் செடிமேல் விறைத்து நின்றுவிடும். கங்காணி பொறுத்துப் பார்த்தான். "மூணு வாரத்துல கை சரியாகலன்னா பேரை வெட்டிருவேன்" என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். பேர் வெட்டுப்பட்டு வேலை போனவளுக்கு இந்தப் புருஷனா சோறு போடப் போகிறான்?

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரத் துரை புதிதாக வேலைக்கு வைத்திருந்த நர்ஸ் மிஸ்ஸி, மாத்தளை ஸுபைதா. விரல் ஒவ்வொன்றையும் நீவிப் பார்த்தாள்.

"கையில ஒரு நோவும் இல்ல மகள். நெஞ்சுலதான் என்னமோ அடைச்சிக் கெடக்கு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாங்க, மனசுல உள்ளதச் சொல்லுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்."

சொல்லிக் கதவையும் சாத்தினாள். நல்ல மனசுக்காரிதான். ஆனால் புருஷன் துணையில்லாமல் பெண்சாதி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்பது லயத்து வீடுகளின் வழக்கம். சாத்திய கதவு, வெளியே படியில் உட்கார்ந்திருந்த முத்துவீரனை என்ன பண்ணும் என்று ஸுபைதாவுக்குத் தெரியவில்லை.

முதல் சனிக்கிழமை சுந்தரம்மா பேசவில்லை, அடி வாங்கினாள். இரண்டாவது சனிக்கிழமையும் பேசவில்லை. அதற்குத்தான் இந்த அடி.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சுவரொட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகாயி அவள் உதட்டைப் பார்த்தாள்.

"ஏண்டி, இனிமே அங்க போகாத. குடும்பத்துச் சங்கதிய வெளிய சொன்னா மானம் போயிரும்."

"நேத்து நான் கத்துனது ஒனக்குக் கேக்கலயாக்கா?"

"கேக்காம? பன்னெண்டு காம்பராவுக்கும்தான் கேட்டுச்சு."

சுந்தரம்மா குடத்தைப் பீலிக்கடியிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள். பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்ட அடியில் போகாத மானம், இவள் வாய் திறந்தால் போய்விடுமாம்! தூ, இதுவும் ஒரு மானமா?

மூன்றாவது சனிக்கிழமை ஆஸ்பத்திரியின் முன் திண்ணை, அந்த இஸ்தோப்பு முழுக்க மருந்துக்கு வந்த லயத்துச் சனம். கங்காணியும் இருமிக்கொண்டு நின்றான். முத்துவீரன் படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். ஸுபைதா கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்க மிஸ்ஸி."

"வெளிய ஆக்கள் நிக்கிறாங்க மகள்."

"நிக்கட்டும். சாத்துனா, என்ன சொன்னேன்னு கேட்டுக் கேட்டு வீட்டுல அடிக்கிறாரு. சொல்லாததுக்கே ரெண்டு தடவ வாங்கிட்டேன். தெறந்து வச்சா அவரே கேட்டுக்குவாருல்ல?"

முக்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த மலைக்குக் கேட்கிற குரலில் தொடங்கினாள்.

"எம் புள்ள கால் வழுக்கிச் சாகல மிஸ்ஸி. இவரு உதைச்சுத்தான் செத்துச்சு."

கூட்டத்தில் நின்ற அழகாயி தலையைக் குனிந்துகொண்டாள். கங்காணி முத்துவீரனைத் திரும்பிப் பார்த்தான். சுந்தரம்மா ஒவ்வொரு உதையையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

முத்துவீரன் எழுந்து நின்றான். இன்று சாயங்காலம் அவளிடம் கேட்க அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.