உப்பில்லாத முதல் ரொட்டி

ஹார்லன் கையுறைகளைச் சமையல் மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தான். அவற்றைக் கொடுக்கத்தான் மார்செல்லா உறைந்துபோன ஏரியின்மேல் நடந்து அவனுடைய மீன்பிடிக் குடிசைக்குப் போனாள். கதவைத் திறந்தபோது அவன் இல்லை. சற்றுத் தள்ளி, மீன் பிடிக்க அவன் பனிக்கட்டியில் இன்னொரு துளை போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே அவன் கூட்டாளி டுவெய்ன் உட்கார்ந்து, அவள் காலையில் தன் கணவன் ஹார்லனுக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியைக் காபியில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில், கவிழ்த்து வைத்த வாளியின்மேல், பாதி தீர்ந்த கடை பிரட் பொட்டலம்.

"அது யாரோடது?"

டுவெய்ன் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினான். "அதுவா? தூண்டிலுக்குப் பொடிமீன் பிடிக்கிறோம்ல, அந்தக் கூண்டுல போடறதுக்கு."

"இந்த ஊர்ப் பொடிமீனெல்லாம் மயோனைஸ் தடவினாத்தான் திங்குமோ?"

பொட்டலத்தின்மேல் கிடந்த கத்தியின் நுனி வெள்ளையாக இருந்தது.

"நான் எதையும் பாக்கல, மார்செல்லா. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத. உன் ரொட்டின்னா எனக்கு உசிரு. நீ வந்த நாள்லேருந்து ஒரு துண்டுகூட வீணாப் போனதில்ல. கல்யாணம் அவனுக்கு, சாப்பாடு எனக்கு."

அவள் கையுறைகளை அந்தப் பொட்டலத்தின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் காலடியில் பனி நொறுங்கியது. போன இலையுதிர் காலத்தில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மினசோட்டாவுக்கு வந்தபோது, ரொட்டியைப் பொங்க வைக்கும் புளிமாவு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டே வந்தவள் அவள். அந்த மாவில் சுட்ட உருண்டை ரொட்டியை முதல்முறை அறுத்தபோது மேலோடு சடசடவென்று பேசியது. ஹார்லன் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். அதற்குப் பிறகு எப்போதும் அதையேதான் சொன்னான். அதிகம் பேசாத மனிதன். அவளும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மாலை முழுக்க வாய் திறக்காமல் இருப்பவள். இருவருக்கும் வயது அறுபதை நெருங்கிய பின் நடந்த கல்யாணத்தில், அந்த அமைதிதான் அவளுக்கு வீடாக இருந்தது. இப்போது முதல்முறையாக அந்த அமைதியின் மேல் சந்தேகம் வந்தது. அதற்குள் இன்னும் எதையெல்லாம் அவன் மெல்லாமல் விழுங்கி வைத்திருக்கிறான்?

ரொட்டியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அதன் பெரிய பெரிய துளைகள் வழியாக மசித்த முட்டை அவன் தாடியில் ஒழுகியதை அவளே பார்த்திருக்கிறாள். பார்த்தும் யோசிக்கவில்லை. சூப்பில் தொட்டுத் தின்ன வேண்டிய ரொட்டியைச் சாண்ட்விச்சுக்கு அனுப்பியது அவளுடைய தவறு. அதே புளிமாவில் பால், வெண்ணெய், கொஞ்சம் தேன் சேர்த்து, நீளமான தகர அச்சில் இட்டுச் சுட்டால் பஞ்சு மாதிரி வரும். அது சுலபம். அவன் வாயைத் திறக்க வைப்பதுதான் கஷ்டம்.

இருட்டியதும் ஹார்லன் வந்தான். கோட்டைக் கழற்றி மாட்டினான். கையுறைகளை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டான். அப்புறமும் நின்றுகொண்டே இருந்தான்.

"டுவெய்ன் சொன்னான்" என்றான்.

"ஏன் எங்கிட்ட நீ சொல்லல?"

"நீ அவ்வளவு பாடுபட்டுச் செய்யற. அதை எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றது."

அவன் யோசித்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான் மறுபடியும்.

மறுநாள் காலை மார்செல்லா ஜாடியைத் திறந்தபோது, இரவு புது மாவும் தண்ணீரும் தீனியாகப் போட்ட புளிமாவு மூடிவரை ஏறிக் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, மாவை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியில் மட்டும் உப்பைப் போட்டு மறுபடி பிசைந்தாள். இன்னொரு பாதியை அப்படியே விட்டாள். உப்பில்லாத ரொட்டியைத் தின்றுவிட்டும் அவன் நல்லா இருக்கு என்று சொன்னால், அதற்குப் பிறகு அவன் சொல்லும் எந்த நல்ல வார்த்தையும் அவளுக்கு உதவாது. சொல்ல மாட்டான் என்று நம்பினாள். ஆனாலும் தகரத்துக்கு வெண்ணெய் தடவும்போது விரல் ஒரே மூலையில் சுற்றிச் சுற்றி வந்தது.

உப்பில்லாத மாவுக்கு நிதானம் கிடையாது. கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, அவசரமாகப் பொங்கியது. உப்பிட்ட மாவு தன் தகரத்தில் துணிக்கு அடியில் மெல்ல ஏறிக்கொண்டிருக்க, முதல் ரொட்டி வெந்து வெளியே வந்துவிட்டது. அது நன்றாக ஆறும்வரை ஹார்லனைக் கத்தியைத் தொட விடவில்லை. பிறகு மெல்லிய துண்டாக அறுத்து, உப்பில்லாத வெண்ணெய் தடவி, அவன் முன்னால் வைத்தாள். ஒரு துளை இல்லை. அழுத்தினால் பள்ளம் விழுந்து மறுபடி எழுந்தது.

அவன் கடித்தான். மென்றான். அவள் பார்வையை விலக்கவில்லை. ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழுந்தது.

"நல்லா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். துண்டைத் தட்டில் வைத்தான். காது இரண்டும் சிவந்துபோயின. "மார்செல்லா, இது சப்புனு இருக்கு. மெத்துனு இருக்கு, அது சரி. ஆனா அட்டைப்பெட்டியத் தின்ற மாதிரி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் மிரண்டுபோய்ப் பார்த்தான்.

"இன்னும் சொல்லு."

"இன்னும்னா?"

"இவ்வளவு நாளா சொல்லாம வச்சிருக்கிறது."

அவன் நிஜமாகவே யோசித்தான். ஜன்னல் பக்கம் திரும்பினான். "அந்தப் பச்சைத் திரைச்சீலை..."

"போதும் போதும். ஒரு நாளைக்கு ஒண்ணு."

அவள் எழுந்து துணியை விலக்கினாள். இரண்டாவது தகரத்தில் மாவு விளிம்பைத் தாண்டி வழுவழுப்பாக உப்பி நின்றது. அடுப்பைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"இதுல உப்பு இருக்கு" என்றாள்.

ஹார்லன் தட்டைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "அடிப்பாவி" என்றான் மெதுவாக. பிறகு பக்கத்து நாற்காலியைக் கால் நீட்டி இழுத்து அவளுக்காகத் திருப்பிப் போட்டான். இருவரும் ஒன்றும் பேசாமல் அடுப்பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலோடு பொன்னிறமாகத் தொடங்கியபோது அவள் கேட்டாள்.

"அந்தக் கடை பிரட் இன்னும் குடிசையிலதான் இருக்கா?"

"இருக்கு. பொடிமீனுக்கு" என்றான். "இந்தத் தடவை நிஜமாவே."