கார்த்திகையில் வைத்த ஃபைனல்

என் மகனை 'வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி' என்று கூப்பிட ஆரம்பித்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருஷம் 'ஏல' என்று கூப்பிட்டு வளர்த்த பயல். ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் பெற்றவளுக்கும் அவன் சாமிதான். ரெண்டு அதட்டுக்கூடப் போட முடியாது. நாகராஜுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

எனக்குத்தான் இடுப்பு ஒடிந்தது. காலையில் நாலு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு அவனுக்குத் தனியாகச் சமைத்து டிபனில் கட்ட வேண்டும். சாமி வெளியே பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அது முடிந்து ஆறரைக்கு செம்பூருக்கு பஸ் பிடித்தால், அங்கே ஒரு ஆபீஸ் கேன்டீனில் நாளொன்றுக்கு முந்நூறு சப்பாத்தி தேய்க்க வேண்டும். வீடு என்பது பத்துக்குப் பத்து. என் மகள் மாரீஸ்வரி மாதத்தில் அந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டு ராபியாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். அங்கே தினம் கறிச்சோறு கிடைத்ததில் அவளுக்குத் திரும்பி வரவே மனசில்லை.

இதில் நான் யாரைத் திட்ட? அந்த மாலையே எனக்காகப் போட்டதுதான். ஆகஸ்டில் எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் இந்தப் பயல் சரியாகச் சாப்பிடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. சாதாரணக் கொழுப்புக் கட்டிதான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வாசலிலேயே, "எம்மா, ஒண்ணுமில்லன்னு வந்தா மலைக்கு வாரேன்னு நேந்திருந்தேன்" என்றான். கார்த்திகை முதல் தேதி தாராவி பிள்ளையார் கோவிலில் என் கையாலேயே துளசி மாலையை அவன் கழுத்தில் போட்டேன். குருசாமி நயினார் அண்ணன்தான் அப்படிப் போடச் சொன்னார். பெற்றவள் கையால் போடுவது விசேஷமாம்.

ஃபைனலை மட்டும் அக்டோபரிலேயே நடத்தித் தொலைத்திருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது.

நாகராஜ் ஆடுவது மூன்றாம் டிவிஷன் ஃபுட்பால். அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆட்களைவிட நாய்கள்தான் அதிகம் வரும். இந்த மாதிரிக் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தகுதிக் கோப்பை வைக்கிறார்கள். பையன்கள் அதைக் குவாலிஃபையிங் கப் என்பார்கள். ஜெயிக்கிற ஒரே ஒரு கிளப்புக்கு மட்டும் பெரிய டீம்கள் ஆடுகிற மாநிலப் போட்டியில் இடம். அதில் ஆடினால் ஒரு சர்ட்டிஃபிகேட். அது கையில் இருந்தால் சர்க்கார் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மனுப் போடலாம். ஆனால் இருபத்தாறு வயது ஆகிவிட்டால் அவ்வளவுதான். நாகராஜுக்கு வருகிற ஜூலையில் இருபத்தாறு. அவன் இப்போது பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இந்த வருஷம் விட்டால் கடைசிவரை பார்சல்தான்.

போட்டி நடத்துகிறவர்கள் அக்டோபரில் மழை என்றார்கள். பிறகு மைதானத்தில் ஏதோ கண்காட்சி என்றார்கள். ஃபைனல் ஜனவரியில்தான் என்று சொன்னதை நம்பி இவன் மாலை போட்டான். போட்ட பத்தாம் நாள் போனில் மெசேஜ் வருகிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு செம்பூரில் ஆட்டம் என்று. இவர்கள் நாக்குக்கு நரம்பு கிடையாது.

எங்கள் டீம் கோச் மன்சூர் அலி தோல் பை தைக்கிறவர். அவர் உடனே நயினார் அண்ணனுக்குப் போன் போட்டு, சாமி ஆட்டத்துக்கு பூட்ஸ் போடலாமா என்று கேட்டார். நடக்கத்தான் செருப்புக் கூடாது, ஆட்டத்துக்குப் பரவாயில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். மாலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எங்கள் கூத்து. கார்த்திகை மாதம் தாராவியில் நடக்கும் ஆட்டங்களில் பாதிப் பேர் கழுத்தில் மாலை கிடக்கும். பனியனுக்குள் விட்டு மேலே வெள்ளை டேப் ஒட்டிவிடுவார்கள். ரெஃப்ரி வேறு பக்கம் பார்ப்பார், சில ரெஃப்ரி தானே மாலை போட்டிருப்பார். வருஷக்கணக்காக அப்படியே ஆடியதில், எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

ஞாயிறு ஒரு நாள்தான் நான் கால் நீட்டிப் படுக்கிற நாள். சாமிக்குச் சாப்பாடு வேண்டுமே என்று டிபனைத் தூக்கிக்கொண்டு போனேன். போனதும் ஆளாளுக்கு மோதிரம், காப்பு, வாட்ச் என்று கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கோல் கீப்பர் கலீலுல்லா கையில் கட்டியிருந்த தாயத்தை அவிழ்த்து, "யம்மா, பத்திரம்" என்று தந்தான். எல்லாவற்றையும் டிபன் மூடியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மனுஷர் வந்தார். போட்டியை நடத்துகிற கமிட்டியின் ஆபீசர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல். ஒவ்வொரு பையனாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தவர் நாகராஜ் கழுத்தில் நின்றார்.

"மாலா நிகாலோ" என்றார். மாலையைக் கழற்று.

மன்சூர் ஓடினார். இது நகை இல்லை, சாமி மாலை, டேப் ஒட்டிவிடுகிறோம் என்று இந்தியில் கெஞ்சினார். அந்த ஆள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கும்பிடுவதுபோல் மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "டேப் நை சலேகா" என்றார். டேப் எல்லாம் செல்லாது, கழுத்தில் எதுவும் இருக்கக்கூடாது, இழுபட்டால் உயிர் போய்விடும், எதிர் டீம் புகார் கொடுத்தால் ஜெயித்த கப்பும் போய்விடும், பத்து நிமிஷத்தில் ஆட்டம், மாலையைக் கழற்றாவிட்டால் வேறு ஆளை இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போனார்.

நாகராஜ் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"நான் ஆடல, அண்ணே. வெங்கியை எறக்குங்க."

"எலேய், வெங்கிக்கு முட்டு வீங்கிக் கெடக்கு. நீ இல்லன்னா கார்னர் யாரு அடிப்பா?" மன்சூர் தலையில் அடித்துக்கொண்டார். என்னிடம் திரும்பினார். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

அவர் சொன்னது நியாயம்தான். மாலையைக் கழற்று என்று ஒரு மன்சூர் அலி எப்படிச் சொல்வார்? நயினார் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் பாண்டுப் பக்கம் ஒரு பூஜையில் இருந்தார். மணிச் சத்தத்துக்கு நடுவில் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீ போட்ட மாலை, கோமதி. நீ கழத்தலாம், வேற யாரும் தொடப்பிடாது. ஆனா கழத்திட்டா இந்த வருசம் மலை கெடையாது. நேந்தது அப்படியே நிக்கும். யோசிச்சுக்க."

நேர்ந்தது என் உயிருக்கு. நின்றால் என் தலைமேல்தான் நிற்கும். எனக்குப் பயம் வந்தது. அந்த எட்டு நாளும் விடிய விடியக் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அத்தோடு வேறொன்றும் ஞாபகம் வந்தது. ஜூலை மழையில் இவன் பார்சலோடு நனைந்துகொண்டு ஏழாம் மாடி ஏறி இறங்குவது. நாற்பது வயதிலும் இவன் அப்படியே ஏறி இறங்குவது.

எழுந்து அவனிடம் போனேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்மா. ஒனக்காகப் போட்டது."

"எனக்காகப் போட்டதுன்னா நான் சொல்லுதத கேளு. கைய எடு."

"எனக்கு வேல வேண்டாம்."

"எனக்கு வேணும்லா! பதினஞ்சு வருசமா சப்பாத்தி உருட்டுதேன், தோள்பட்ட கழண்டு தொங்குது. கைய எடுல நாகராசு!"

பதினேழு நாளுக்கு அப்புறம் அவனை ஏல போட்டேன். கையை எடுத்துவிட்டான். சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்தான். நான் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனாலும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டேன். 'சாமியே, இது அவன் செஞ்ச தப்பு இல்ல. என்ன கேக்கணுமோ எங்கிட்ட கேளு, பிள்ளையைத் தொட்டுராத' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கழற்றினேன். மற்றவர்கள் சாமானோடு டிபன் மூடியில் போட மனசு வரவில்லை. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினேன்.

ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அது விளங்கினதே இல்லை. எதிர் டீம் தாணேக்காரர்கள், ஆளுக்கு ஆள் உயரம், எல்லோருக்கும் ஒரே மாதிரி பை. எங்கள் பையன்கள் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர்கள், அரை மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. நாகராஜ் பதினேழு நாள் வெறுங்காலோடு திரிந்தவன், பூட்ஸ் கடித்து நொண்டினான். ஒரு பந்தை வானத்துக்கு அடித்தான். இன்னொன்றைக் காலடியில் வைத்துக்கொண்டே பறிகொடுத்தான். அடிக்கொருதரம் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிவிட்டு ஓடினான். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இவனைச் சும்மா விட்டிருக்கலாம், பாவம் செய்துவிட்டேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முடிய ஆறேழு நிமிஷம் இருக்கும்போது ஒரு கார்னர் கிடைத்தது. நாகராஜ் நொண்டிக்கொண்டே போய் அடித்தான். பந்து கூட்டத்துக்குள் விழுந்தது. யாரோ ஒரு தாணேக்காரன் முட்டியில் பட்டு வலைக்குள் உருண்டு போனது. ஐயோ, அதுவும் ஒரு கோலா! பார்க்கவே லட்சணமில்லை. ஆனால் ரெஃப்ரி விசில் ஊதினார், மன்சூர் மண்ணில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கடைசிவரை கலீலுல்லா அங்கேயும் இங்கேயும் விழுந்து எழுந்து காப்பாற்றினான். ஒன்றுக்குச் சைபர். அவ்வளவுதான்.

கப்பு சின்னதாக இருந்தது. ஃபோட்டோ எடுத்தார்கள். எல்லோருக்கும் மோதிரத்தையும் தாயத்தையும் ஆள் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். மன்சூர் எல்லோரையும் மாஹிமுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நாகராஜ் மட்டும் வரவில்லை என்றுவிட்டு, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு என் பின்னால் வந்தான். இனிமேல் செருப்புப் போடலாம், ஆனால் செருப்பு வீட்டில் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்று அவன் காலைப் பார்த்தேன். குதிகால் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. நான் டிபனை நீட்டினேன். ஆறிப்போன சாம்பார் சாதம்.

"தின்னுல. ஜெயிச்சுட்டீயல்லா, அப்புறம் என்ன மூஞ்சி?"

"இன்னும் ஒண்ணுமே ஆவலம்மா. மெயின் ரவுண்ட்ல ஆடணும், அப்புறம் ஃபார்ம் போடணும், அப்புறம் டிரையலு. ஆயிரம் பேரு வருவான்."

"வரட்டும்."

டிபனைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"எம்மா. மறுபடியும் ஒனக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

இதே கேள்வியைத்தான் நானும் ரெண்டு மணி நேரமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் காட்ட முடியுமா?

"என்ன செய்வியா? அதுக்குள்ள நீ சர்க்கார் வேலைல இருப்ப. பெத்தவளுக்கு ஆஸ்பத்திரி செலவெல்லாம் அவியளே குடுப்பாவளாம்லா. ஏசி ரூம்புல கொண்டு போய்ப் போடு. வேற எதுக்கு நான் கழத்துனேன்னு நெனச்ச?"

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ரோட்டோரத்தில், இத்தனை சனம் பார்க்க, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். வலிக்கிற தோள். விலக்கவில்லை. தாராவி பஸ் வந்து நின்றது, கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு மணி அடித்தார், போய்விட்டது. அடுத்தது வர இருபது நிமிஷம் ஆகும் என்று பக்கத்தில் ஒரு ஆள் சொன்னார். சரி என்று நின்றேன்.