பதினோரு முதுகு வலி

மராத்தி ஊரான ஆகுர்டியில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் ரெனிட்டா துணைவேந்தராக வந்த அன்றைக்குக் கேன்டீனில் ஒரே சிரிப்பு. பொருளாதாரப் பேராசிரியர் பத்ரிநாத்தான் ஆரம்பித்து வைத்தார். "நாக்க நீட்டச் சொல்ற அம்மாவுக்கு சிலபஸ் பத்தி என்ன தெரியும்?"

அது அவள் காதுக்கும் வந்தது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து, நாலு பிள்ளைகளில் மூத்தவளாக டாக்டருக்குப் படித்து, முப்பத்திரண்டு வருஷம் பொது மருத்துவம் பார்த்தவள் அவள். கடைசி எட்டு வருஷம் மருத்துவக் கல்லூரியின் டீனாகவும் இருந்தாள். பொய் சொல்லும் நாக்கையும் உண்மை சொல்லும் வயிற்றையும் எத்தனையோ பார்த்தாகிவிட்டது. கேன்டீன் பேச்சுக்கு அசையவில்லை.

வந்த இரண்டாம் மாதம் ஓர் உத்தரவு போட்டாள். எவ்வளவு மூத்த பேராசிரியரானாலும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதலாண்டு வகுப்பு எடுக்க வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளின் முகத்தையே பார்த்திராத பெரியவர்கள் அங்கே நிறைய.

முதல் திங்கள் வந்தது. அவளுடைய உதவியாளர் ஜம்பு ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"பதினோரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் மேடம். எல்லாருக்கும் முதுகு வலி. பதினஞ்சு நாள் பூரண ஓய்வாம். பக்கா டிராமா. நேரா நோட்டீஸ் அனுப்பிடலாமா?"

ரெனிட்டா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினொன்றிலும் ஒரே கையெழுத்து. டாக்டர் பெனிஸ்டன், கசார்வாடி. அவளிடமே படித்தவன். மருத்துவத் தேர்வில் இரண்டு தடவை அவள் கையால் தோற்றவனும்கூட.

"நோயாளிக்கு யாராவது நோட்டீஸ் அனுப்புவாங்களா ஜம்பு? வைத்தியம்ல பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னாள்.

கிளினிக்குக்குள் அவள் நுழைந்ததும், ஒரு கிழவரின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்திருந்த பெனிஸ்டன் அதைக் காதிலிருந்து கழற்றாமலே எழுந்து நின்றான். கிழவரும் சேர்ந்து எழுந்தார்.

கிழவர் போன பிறகு ரெனிட்டா கேட்டாள். "பதினோரு முதுகு. எத்தனைய தொட்டுப் பார்த்த?"

"மேடம்... பத்ரிநாத் சார் வாட்ஸ்அப்ல லிஸ்ட் அனுப்பினார்."

"முதுகையா?"

"பேரை மேடம்."

"சரி. நோயைக் கண்டுபிடிச்சது நீ. வைத்தியத்தை நான் சொல்றேன், எழுது."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். வெறும் தரையில் பாய்; தலையணை கூடாது. பதினைந்து நாளும் உப்பில்லாத கஞ்சி மட்டும்; எண்ணெய், டீ கிடையாது. கழுத்து குனியும் என்பதால் மொபைலும் டிவியும் கூடாது. கல்யாணம், கிரிக்கெட், ஸ்கூட்டர் எதுவும் வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பிசியோதெரபி மாணவர்கள் வந்து உடற்பயிற்சி செய்விப்பார்கள். அதில் ஆபத்தானது ஒன்றும் இல்லை, சுகமானதும் ஒன்றும் இல்லை. கீழே பெனிஸ்டன் கையெழுத்துப் போட்டான். உறையின் மேல் பேராசிரியரின் பெயருக்குப் பதில் அவரவர் மனைவியின் பெயரை எழுதச் சொன்னாள் ரெனிட்டா. அதுதான் மருந்தே.

செவ்வாய்க்கிழமை பதினோரு வீடுகளிலும் கஞ்சி கொதித்தது. புதன்கிழமை நாலு முதுகுகள் குணமாகின. வியாழக்கிழமை இன்னும் ஆறு. ஒரு பேராசிரியரின் மனைவி மட்டும் போன் செய்து, வீடு இப்படி அமைதியாக இருந்து இருபது வருஷமாச்சு, வைத்தியத்தை ஒரு மாசம் நீட்டிக்க முடியுமா என்று மராத்தியில் பணிவாகக் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு ரெனிட்டா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பத்ரிநாத் மட்டும் வரவில்லை. கொள்கைக்காகக் கஞ்சி குடிக்கிறார் என்றார் ஜம்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்ரிநாத்தின் மனைவி மங்கையர்க்கரசி போனில் வந்தாள்.

"டாக்டர், அவருக்கு பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. இந்தக் கஞ்சியை நிறுத்திரட்டுமா?"

"நாலு நாள் கஞ்சியில அவ்வளவு இளைக்காதும்மா."

"நாலு நாளா இல்ல, ரெண்டு மாசமாவே இப்படித்தான். குடம் குடமா தண்ணி குடிக்கிறார்."

ரெனிட்டாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. போன வாரக் கூட்டத்தில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து பத்ரிநாத் ஐந்து டம்ளர் தண்ணீர் குடித்தார். இரண்டு தடவை எழுந்து வெளியே போனார். கேள்விக்குப் பயந்து நழுவுகிறார் என்றல்லவா நினைத்தாள். முப்பத்திரண்டு வருஷ டாக்டருக்கு அது தெரியாமல் போயிற்றே என்று தன் மேலேயே கோபம் வந்தது. பழைய பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பாயில் கிடந்த பத்ரிநாத் அவளைப் பார்த்ததும் அவசரமாக முதுகைப் பிடித்துக்கொண்டார். "முதுகை விடுங்க சார், விரலை நீட்டுங்க" என்று ஊசியால் ஒரு குத்து குத்தினாள். கருவியில் சர்க்கரை நானூற்று இருபது காட்டியது. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தாள்.

மறுநாள் ரவுண்டு போகும் டாக்டரைப் போலவே கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். பத்ரிநாத் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பொய் சொன்னதுக்குத் தண்டனையா டாக்டர் இது?"

"நீங்க பொய் சொல்லலன்னா நான் உங்க வீட்டுப் படியேறியிருக்கவே மாட்டேன். இன்னும் ஒரு மாசம் போயிருந்தா மயங்கி விழுந்திருப்பீங்க. பொய்தான் சார் உங்களைக் காப்பாத்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "இதை வெளியில சொல்லிடாதீங்க. எல்லாரும் ஆரம்பிச்சுருவாங்க."

அவர் முதலில் முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் போகவே நர்ஸ் ஓடிவந்தாள்.

பெனிஸ்டனுக்கும் வேலை கிடைத்தது. வாரம் ஒரு நாள் வளாகத்துக்கு வந்து முதலாண்டுப் பிள்ளைகளை இலவசமாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொருவரையும் தொட்டு.

ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பையில் இன்சுலினோடு பத்ரிநாத் வகுப்புக்குப் போனார். வெங்காய விலை ஏன் ஏறுகிறது என்று ஆரம்பித்தவர், பிள்ளைகள் கேள்வி கேட்கக் கேட்க உற்சாகமாகி ஒன்பதரைக்குத்தான் விட்டார். அடுத்த வாரம் பத்து மணி. மூன்றாம் வாரம் மாணவர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று துணைவேந்தரின் மேஜைக்கு வந்தது. பத்ரிநாத் சார் வகுப்பை முடிக்கவே மாட்டேன் என்கிறார், கேன்டீனில் காலை நாஷ்டாவுக்கு வைக்கும் அவல் போஹா தீர்ந்துவிடுகிறது, தயவுசெய்து ஏதாவது செய்யுங்கள்.

ரெனிட்டா மனுவை இரண்டு தடவை படித்தாள். பிறகு மருந்துச் சீட்டில் எழுதும் அந்தக் கோழிக்கிறுக்கலில் கேன்டீன்காரருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: திங்கட்கிழமை மட்டும் போஹாவை இரண்டு மடங்கு செய்யவும்.