அழிப்பதற்குள் வாசித்துவிட்டார்கள்

1

இது எனக்குச் சொந்தமான கதை அல்ல. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டிலிருந்த ராபின்சன் தன் மனைவியைப் பற்றிச் சொன்னது. "அவளுக்கு சத்தம் போச்சு. இப்பம் பிள்ளைகளாக்கும் அவளுக்க சத்தம்" என்றார். நான் இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டிப் போயிற்று.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'நவீனத் தொழில்நுட்பம் ஓர் ஆசிரியையின் வாழ்வில்—'

வேண்டாம். சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

2

ராபின்சனின் மனைவி விமலகுமாரி டீச்சர் கேரள எல்லைப்பக்கத்துப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழில் அறிவியல் நடத்துகிறவர். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டையில் காற்று மட்டும்தான் மிச்சம். தலைமையாசிரியர் சோமன் சார் (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை) தன்மையாகச் சொன்னார்: "ஆபீஸ் வேலை உண்டு டீச்சர். வெள்ளிக்கிழமை முடிவு சொன்னா போதும்."

அந்த வாரம் டீச்சர் தன் போன் திரையை வயர் இல்லாமல் வகுப்பு டிவியில் விழவைத்தார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே போனில் தட்டுவார். எழுத்து டிவியில் வரவர, இருபத்திரண்டு பிள்ளைகளும் சேர்ந்து சத்தமாக வாசிப்பார்கள்.

3

புதன்கிழமை சுமி என்ற பெண் கேட்டாள்: "டீச்சருக்க சத்தம் எப்பம் வரும்?"

'அடுத்த மாசம்' என்று தட்டி, பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் அழித்தார். 'டாக்டர் சொன்' அழித்தார். தட்டுவது டிவியிலும் தெரிகிறது என்பதே அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. 'வராது.'

அழிப்பதற்குள் வகுப்பு வாசித்துவிட்டது: "வராது."

ராபின்சனிடம்கூட அவர் அதுவரை சொல்லாதது. (இங்கே டீச்சரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவர் அழவில்லையாம். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.) ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பம் எங்கள ஏச மாட்டியளா?" என்றாள் சுமி.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'ஏசுவேன்.'

"ஏசுவேன்" என்றது வகுப்பு, ஏசுகிற குரலிலேயே.

4

வெள்ளிக்கிழமை சோமன் சார் வாசலில் வந்து நின்றார். "வெளிய வாறியளா டீச்சர், இங்கயே சொல்லுதியளா?"

டீச்சர் தட்டத் தொடங்கினார். 'இந்த வகுப்பை விட்டு நான்' என்பதுவரை வந்து டிவி கறுத்துவிட்டது. இணைப்பு அறுந்திருந்தது.

பிள்ளைகள் வந்ததுவரை வாசித்தார்கள். பிறகு, வாசிக்க ஒன்றுமில்லாமலேயே, "போக மாட்டேன்" என்றார்கள்.

"அப்பம் சரி" என்று சிரித்துக்கொண்டே சோமன் சார் திரும்பினார்.

டீச்சர் தட்டி முடித்த வாக்கியம் அவர் கையிலிருந்த போனில் இருந்தது. அது என்னவென்று ராபின்சனிடம் கேட்டேன். "எனக்கும் காட்டல்ல" என்றார்.

பிள்ளைகள் சொன்னதையேதான் அவரும் எழுதியிருந்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். இனிப்புக் கூடிவிட்டது. 'போகிறேன்' என்று இன்னொரு முடிவு எழுதி வைத்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிழித்தேன்.

சோமன் சார் இன்னும் படி இறங்கவில்லை. டீச்சரின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. டிவியில் மறுபடி வெளிச்சம் வருகிறது. நான் கதையிலிருந்து வெளியே போகிறேன். நீங்கள் பிள்ளைகளோடு பெஞ்சில் கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள்.