இடுப்பெலும்பில் ஒரு திருத்தம்

பதினான்கு வருஷத்தில் நான் வரைந்த தாள் ஒன்றுகூட 'வரைந்தவர் தவறு' என்று திரும்பி வந்ததில்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. செகந்திராபாத்தில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு டிராயிங்கின் வலது மூலையிலும் ஒரு திருத்தப் பெட்டி இருக்கும். எதை மாற்றினோம், யார் மாற்றினார், என்ன காரணம் என்று மூன்று கட்டங்கள். காரணக் கட்டத்தில் நாங்கள் எல்லோரும் எழுதுவது ஒரே வாசகம்தான்: 'உற்பத்திக்கு ஏற்ப'. துளை இடம் மாறிப்போனாலும் அதையே எழுதுவோம், அளவில் கால் அங்குலம் தப்பினாலும் அதையே எழுதுவோம். அப்படிப் பார்த்தால் எங்கள் ஆபீஸில் தவறு என்ற ஒன்று நடந்ததே கிடையாது.

1979-இல் எங்கள் காலனிப் பூங்காவில் குழந்தைகளுக்காக ஏதாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்று நலச் சங்கம் முடிவு செய்தது. பூங்கா என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு வேப்பங்கன்று, ஒரு உடைந்த சறுக்குமரம், தூரத்தில் மௌலா அலி மலை. ஆதிலாபாத் பக்கம் கோதாவரிப் படுகையில் நீளக் கழுத்து டைனோசர் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கல்கத்தாவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்த செயலாளர் அனந்தராமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்ம ஊர் மிருகம், கல்கத்தாவுக்குப் போவானேன்? கழிவு இரும்பில் அதன் எலும்புக்கூட்டை நாமே செய்து ஆயுத பூஜையன்று ஜெனரல் மேனேஜரைக் கொண்டு திறக்கலாம் என்றார். வரைவது நான், வெல்டிங் யாதகிரி.

அங்கேதான் ஒரு சிக்கல். எங்கள் தொழிற்சாலையில் செய்த எதுவும், ஒரு மேஜைக்கால் ஆனாலும், ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் புழக்கத்துக்கு வராது. அனந்தராமன் தர ஆய்வுப் பிரிவுக்காரர். ஆனாலும் கையை விரித்துவிட்டார்.

"ஓய் ஜம்பு, டிரான்ஸ்ஃபார்மர்னா கண்ணை மூடிண்டு சொல்லுவேன். மிருகத்துக்கு நான் எப்படி ஓய் கையெழுத்துப் போடறது? உம்ம மிஸஸ் ஜுவாலஜியில எம்.எஸ்ஸிதானே?"

ஆமாம். என் மனைவி நீலா திருச்சியில் விலங்கியல் படித்தவள், முதல் வகுப்பு. கல்யாணமாகிச் செகந்திராபாத் வந்ததிலிருந்து அந்தப் பட்டம் பரண்மேல் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அதனால் எனக்கு ஒரே ஒரு பிரயோஜனம். வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால், "நீ அறுத்துப் பார்த்தவளாச்சே, நீயே அடி" என்று நகர்ந்துவிடுவேன்.

சங்கத்திலிருந்து டைப் அடித்த கடிதம் வந்தது. 'திருமதி நீலா ஜம்புநாதன், எம்.எஸ்ஸி. (விலங்கியல்), ஆய்வாளர்.' அவள் அதை அடுப்படியில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள்.

"என் பேருக்குப் பின்னாடி இது வர்றது கல்யாணத்துக்கப்புறம் இதுதாங்க முதல் தடவை" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் "சரி, குழம்பு பொங்குது பாரு" என்றேன். நான் அப்படித்தான்.

மறுநாளே பஸ் பிடித்து அஃப்சல்கஞ்ச் நூலகத்துக்குப் போய்ச் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்குப் பாடம் நடந்தது.

"டைனோசரை ரெண்டு கூட்டமாப் பிரிக்கிறாங்க. பல்லை வெச்சு இல்ல, தலையை வெச்சும் இல்ல. இடுப்பை வெச்சு. மேல தட்டை மாதிரி ஒரு எலும்பு, அதுக்குக் கீழ ரெண்டு. அந்த ரெண்டுல ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் கவட்டை மாதிரி விரிஞ்சிருந்தா பல்லி இடுப்பு. ரெண்டும் சேர்ந்து பின்பக்கமாப் படிஞ்சிருந்தா பறவை இடுப்பு. பறவை இடுப்புக் கூட்டம் ஏறக்குறைய முழுக்கவே சைவம். பல்லி இடுப்புல நம்ம நீளக் கழுத்து சைவம், அதோட பங்காளிங்க மாமிசம். கேக்கறீங்களா?"

"ஹவ், ஹவ்" என்று ஹைதராபாத் பாஷையில் ஆமாம் போட்டேன். தட்டில் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் இருந்தன. அந்த நேரத்தில் என்னிடம் எவருடைய இடுப்பைப் பற்றிச் சொன்னாலும் ஏறாது.

அடுத்த வாரம் அண்ணன் மகளின் காதுகுத்துக்காக நீலா திருச்சி போனாள். போகும்போது புத்தகத்தில் காகிதம் வைத்து, வரைய வேண்டிய பக்கங்களைக் குறித்துவிட்டுத்தான் போனாள்.

நான் வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன். தூண் போல நேராக நிற்கும் நாலு கால், பதினோரு அடிக் கழுத்து, மென்று தின்னத் தெரியாமல் இலையை உருவி விழுங்குகிற குச்சிப் பற்கள். இடுப்புக்கு வந்ததும் என் தொழில்மூளை விழித்துக்கொண்டது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த எலும்பு, வயிற்றடியில் ஓடும் குழந்தையின் நெற்றி உயரத்தில் இருந்தது. இதை எந்த முட்டாள் வடிவமைத்தான் என்று நினைத்தேன். எலும்பைப் பின்னால் திருப்பி இன்னொன்றோடு சேர்த்து, இரண்டையும் நீட்டிக் கான்கிரீட்டுக்குள் இறக்கினேன். குழந்தைக்கு அடிபடாது, பின்பாரத்துக்குத் தனித் தூணும் வேண்டாம். திருத்தப் பெட்டியில் 'உற்பத்திக்கு ஏற்ப' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பத்து நிமிஷ வேலை. அன்று சாயந்திரம் எனக்கு நானே ஒரு கப் இரானி சாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நீலா திரும்பினாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் டேப்பும் புத்தகமுமாகப் பூங்காவுக்கு வந்தாள். யாதகிரி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெருமையோடு நின்றான். கழுத்தைப் பார்த்து நீலா சிரித்தாள். காலைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். இடுப்புக்கு வந்ததும் குனிந்தாள். நிமிரவே இல்லை.

"என்னங்க, முன்னாடி போற எலும்பு எங்க?"

சொன்னேன். எவ்வளவு சாமர்த்தியமாகத் திருப்பினேன் என்பதையும் விளக்கினேன்.

"அதைத் திருப்பினா அது வேற கூட்டம்ங்க! கழுத்து பல்லிக் கூட்டம், இடுப்பு பறவைக் கூட்டம். இப்படி ஒரு பிராணி உலகத்துலயே கிடையாது."

"யாரு பாக்கப் போறாங்க நீலா? எதுக்கு இவ்வளவு டென்ஷன்?"

"நான் பாத்துட்டேனே."

யாதகிரியைக் கேட்டேன். "நக்கோ சார், வேணாம்" என்றான். "அதை வெட்டினா பின்பக்கம் முழுக்க அப்படியே உக்காந்துடும். பாரமெல்லாம் அதுலதான் நிக்குது." பாரத்தை அந்த எலும்பின்மேல் நிறுத்தியதே நான்தான்.

"அப்ப கையெழுத்துப் போட்டுடு. ஒரு கையெழுத்துதானே" என்றேன்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு என் டிகிரியைப் போட்டு ஒரே ஒரு காகிதத்துல எழுதப் போறேன். அதுலயும் பொய் எழுதணுமா?" அவள் கண் கலங்கிவிட்டது. யாதகிரி வேப்பங்கன்றுகளை ஆராயத் தொடங்கினான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "போடாட்டி போ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. தட்டில் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. ரசத்தில் உப்பு சரியாகவே இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அனந்தராமன் வேறு தினமும் ஆபீஸ் வாசலில் நின்று, "ஓய், சர்டிபிகேட் இல்லாட்டி திறப்பு விழா இல்லே, சொல்லிட்டேன்" என்று நகத்தைக் கடித்தார்.

மூன்றாம் நாள் காலையில் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"அந்த ரெண்டு கூட்டத்தைப் பத்தித் திரும்பச் சொல்லு. அன்னைக்கு நான் கேக்கலை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். காய் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். பறவை இடுப்புக்காரர்கள் எத்தனை வகை என்று விரல்விட்டு எண்ணினாள். வாத்து மூக்கு வைத்தது ஒன்று. முகத்தில் கொம்பும் கழுத்தைச் சுற்றி முறம் மாதிரி எலும்பும் வைத்தது ஒன்று. முதுகு முழுக்கக் கவசம் போட்டது ஒன்று. முதுகில் இரண்டு வரிசைத் தகடும் வால் நுனியில் நாலு முள்ளும் வைத்தது இன்னொன்று. நான் ஒவ்வொன்றையும் எழுதினேன், பக்கத்திலேயே படமும் போட்டேன்.

"அந்தத் தகட்டுக்காரனுக்குக் கழுத்து எவ்வளவு?"

"கொஞ்சம்தான். தலையும் சின்னது. முன்னங்கால் ரொம்பக் குட்டை, அதனால தலை தரையோரம் இருக்கும். கீழ இருக்கிற செடியா மேயும்."

"பின்னங்கால்?"

"நீளம். நீங்க போட்டிருக்கீங்களே, கிட்டத்தட்ட அப்படி."

"அப்ப இடுப்பு சரிதான் நீலா. தப்பு கழுத்துல."

என் படத்தை இழுத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு நாளாக அடைத்து வைத்த சிரிப்பு அது.

அதற்கப்புறம் பூங்காவில் ஒரே அமளி. யாதகிரி பதினோரு அடிக் கழுத்தை அறுத்து இறக்கினான். முன்னங்கால்களில் ஒன்றரை முழம் போயிற்று. ரிஜெக்ட் ஆகிக் கிடந்த மின்பெட்டிக் கதவுகளை வெட்டித் தகடு செய்தோம். "ஜோடி ஜோடியா வைக்காதீங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு வரணும்" என்று நீலா முக்காலியில் ஏறி நின்று கத்தினாள். வால் முள் நாலுக்கும் ரப்பர் குல்லாய் மாட்டினோம். அனந்தராமன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஜி.எம்.கிட்ட நீளக் கழுத்துன்னு சொல்லியாச்சே ஓய்! கழுத்து எங்கே?"

"உற்பத்திக்கு ஏற்ப" என்றான் யாதகிரி. ஆபீஸ் பாஷை அவனுக்கும் அத்துப்படி.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் திருத்திய டிராயிங்கைப் பூங்கா பெஞ்சில் விரித்தேன். நான் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆய்வாளர் சான்றிதழில் போட முடியும், அதுதான் முறை. எதை மாற்றினோம் என்பதை எழுதினேன்: கழுத்து, முன்னங்கால், முதுகு. காரணக் கட்டம் வந்தது.

"வழக்கம்போல எழுதிட்டுத் தள்ளும் ஓய், நாழியாறது" என்றார் அனந்தராமன்.

பேனா அங்கேயே நின்றது. நீலா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வழக்கமான வாசகத்தையே எழுதியிருப்பேன், என் புத்தி எனக்குத் தெரியும். 'வரைந்தவர் தவறு' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. கீழே முழுப்பெயரோடு கையெழுத்திட்டேன்.

"என்ன ஓய் இது! பதினாலு வருஷம்!" என்றார் அனந்தராமன்.

நீலா குனிந்து அந்தக் கட்டத்தைப் படித்தாள். என் தோளில் கை வைத்தாள், நாலு பேர் பார்க்க, பட்டப்பகலில். பிறகு பேனாவைத் திறந்தவள் மறுபடி மூடினாள்.

"பறவை இடுப்புல முன்பக்கம் ஒரு சின்ன முளை நீட்டிக்கிட்டு இருக்கும். ஒரு சாண் போதும். அதை வெச்சாத்தான் கையெழுத்து."

"அடிப்பாவி" என்றேன். யாதகிரி முளையை வைத்தான், நுனியை மழுங்கத் தேய்த்தும் கொடுத்தான். நீலா சான்றிதழில் பெயரெழுதி, அதற்குப் பின்னால் பட்டத்தையும் புள்ளி விடாமல் எழுதினாள்.

மறுநாள் காலை வால் முள் நாலுக்கும் யாதகிரி குங்குமம் வைத்தான். ஜி.எம். கழுத்தைத்தான் கேட்டார். நீலா ஐந்து நிமிஷம் விளக்கினாள். அவர் குனிந்து இடுப்பைப் பார்த்தார். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத் தன் இடுப்பையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டிலும் அன்றுதான் சரஸ்வதி பூஜை. என் டி-ஸ்கொயரையும் பென்சில்களையும் மணையில் அடுக்கினேன். நீலா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். பட்டத்தை எடுத்து, சான்றிதழ் நகலையும் திருத்தப் பெட்டி மேலே தெரியும்படி மடித்த என் டிராயிங்கையும் அதோடு சேர்த்துப் படத்துக்கு முன்னால் வைத்துப் பூப் போட்டாள்.

பெட்டியின் அடியிலிருந்து ஒரு கரப்பான் பூச்சி ஓடிவந்தது. நீலா என்னைப் பார்த்தாள். நான் துடைப்பத்தை எடுத்தேன்.