முதுகில் வரைந்த முள்ளங்கி

ஷாங்காயில் எங்கள் குடியிருப்பின் வாசலைப் பூட்டி அன்றோடு இருபத்தாறு நாள். தினமும் காலையில் ஒலிபெருக்கி கத்தும். மாடி மாடியாக இறங்கிப் போய், தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் வெள்ளை உடுப்புக்காரரிடம் 'ஆ' காட்டிவிட்டு வர வேண்டும். தலை முதல் கால் வரை மூடியிருப்பதால் யார் யாரென்று தெரியாது. அதற்காக முதுகில் பேனாவால் பெயரோ படமோ போட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு வருபவர் முதுகில் ஒரு குட்டை முள்ளங்கி, வால் இரண்டாகப் பிளந்து.

காய்கறியைக் கண்ணால் பார்த்தே வாரமான கட்டடம் எங்களுடையது. சும்மா இருக்குமா? முள்ளங்கி லாரி இவர் கையில்தான் என்று ஆறாவது மாடிக்காரி கைப்பேசிக் குழுவில் அடித்துச் சொன்னாள். கேட்டுவிட வேண்டும் என்று எனக்கும் நாக்கு துறுதுறுத்தது.

ஆனால் வாயைத் திறக்கவே வலித்தது. கடைவாய்ப் பல் நான்கு நாளாக உயிரை எடுத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பல் மருத்துவமனைக்கு என்று வாசலைத் தாண்டினால் திரும்ப விடுவார்களா? எதிர்க் கட்டடத்து ஒருத்தி இரண்டு நாள் வெளியே கிடந்தாள். என் கணவர் வெய்ரோங்குக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. நான் ஊட்டினால்தான் சாப்பாடு. அது போதாதென்று, முகக்கவசத்தைக் கழற்றி, முன்பின் தெரியாத ஒருவர் மூச்சுக்கு நேரே வாயைப் பிளந்து படுக்க வேண்டும்.

என் முறை வந்ததும் கேட்டேவிட்டேன். "தம்பி, முள்ளங்கி எப்போ வருது?"

"எந்த முள்ளங்கி?"

"உன் முதுகுல இருக்கே, அதுதான்."

"ஐயோ அக்கா, அது கடைவாய்ப் பல்லு! நான் பல் டாக்டர். கிளினிக்கை மூடிட்டு இங்க அனுப்பிட்டாங்க. ஆ காட்டுங்க."

காட்டினேன். பஞ்சுக் குச்சி தொண்டைக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"எத்தனை நாளா வலது பக்கம் மெல்லல?"

சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சீழ் கட்டியிருக்கு. இன்னிக்கே பிடுங்கணும். அவசரப் பிரிவு திறந்திருக்கு, வெளிய போகச் சீட்டு வாங்கித் தரேன்."

"அங்க போய் வாயைத் திறக்கப் பயமா இருக்கு தம்பி."

"எங்கிட்ட தினமும் திறக்குறீங்களே? நான் ஒரு நாளைக்கு அறுநூறு வாய் பாக்குறேன். எனக்கு மட்டும் பயமில்லையா?"

மேலே வந்து வெய்ரோங்கிடம் அழுதேன். "என்னை உள்ள விடலேன்னா நீ என்ன பண்ணுவ?"

"இடது கை எதுக்கு இருக்கு? கிளம்பு ஃபாங்லின், உன் மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல."

பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினால், பயந்தபடியே வாசலில் மறித்தார்கள். புதிய பரிசோதனை முடிவு வந்தால்தான் உள்ளே. அந்தப் பல் டாக்டரே வந்து குச்சி விட்டார். "சுத்தமா எடுத்திருக்காங்க" என்றார். காவல்காரரிடம் எனக்காக இரண்டு முறை சண்டையும் போட்டார். நாலு மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். வெய்ரோங் பட்டினி கிடப்பாரே என்று மனசு அடித்துக்கொண்டது.

உள்ளே விட்டதும் ஓடினேன். மேசை முழுக்கக் கஞ்சி, சட்டை முழுக்கக் கஞ்சி. நடுவில் வெய்ரோங், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் பாதியை எனக்கு வைத்திருந்தார். கன்னம் மரத்துப்போயிருந்ததால் திட்டக்கூட முடியவில்லை, அழத்தான் முடிந்தது.

"ஆ காட்டு" என்று இடது கையால் கரண்டியை நீட்டினார்.

பாதி என் மோவாயில் வழிந்தது. மீதியை விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தேன்.